துயிலும் மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

உண்டியும் உறக்கமும் உயிர்வாழ்க்கைக்கு இன்றியமையாதன. பசித்தோர்க்கு இரங்கி அன்னசத்திரம் அமைத்த உலகம், துயிலாதோரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. பசி பிறர் கண்ணுக்குப் புலனாகும். துயிலாமையோ ஊரடங்கிய பின்னர் ஒருவர் தனித்து அனுபவிக்கும் துன்பம். ஆதலின் அதன் மருத்துவ வரலாறும் அரசர் வரலாறுபோல விரிவாக எழுதப்படவில்லை.

எனினும் முன்னோர் உறக்கத்தின் அருமையை அறியாதவரல்லர். ஆகாரம், நித்திரை, பிரமசரியம் என்னும் மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத்தூண்களாகச் சரக சங்கிதை எண்ணியது. வள்ளுவர் உறக்கத்தை இருவேறு நிலையில் நோக்கினார். மடியின்மை அதிகாரத்திலே காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல் என்பனவற்றோடு மிகுதுயிலையும் சேர்த்துக் கெடுதற்குரியார் விரும்பியேறும் மரக்கலமாக்கினார். நிலையாமை அதிகாரத்திலோ சாக்காட்டுக்கு உறக்கத்தையும் பிறப்புக்கு விழிப்பையும் உவமை கூறினார். மருந்து அதிகாரத்தில் அவர் வகுத்த நெறி இன்னும் கருதத்தக்கது. நோய் இன்னதென்று துணிந்து, அதன் முதலைத் தேடி, தணிக்கும் வழியை ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்படல் வேண்டும் என்பது அந்நெறி.

துயில் மருத்துவத்தின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். துயிலுக்கு மருந்து கண்டோர் பலர். துயிலாமைக்கு முதல் யாதென வினவியோர் சிலர். அவ்வினா மறக்கப்பட்ட போதெல்லாம் மருந்தே புதிய நோயாயிற்று. வினவப்பட்ட போதெல்லாம் எளிய வழிகளே பயன் தந்தன. இவ்வுண்மையை உலக வரலாற்றாலும், வன்னியின் கடலோர ஊராகிய கொக்கிளாயின் அனுபவத்தாலும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

கொக்கிளாயின் இரவுகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில், கடலுக்கும் களப்புக்கும் அணித்தாக அமைந்த ஊர் கொக்கிளாய். களப்பின் வடபால் முல்லைத்தீவு மாவட்டமும் தென்பால் திருகோணமலை மாவட்டமும் உள்ளன. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு என்பன அயலூர்கள். வலசைப் பறவைகள் வந்து தங்கும் இக்களப்பு 1951ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மீன்பிடியும் நெற்செய்கையும் மக்களின் தொழில்கள்.

இவ்விரு தொழில்களும் இரவோடு தொடர்புடையன. மீனும் இறாலும் தேடுவோர் பலர் ஊர் துயிலும் வேளையிலே நீரில் இறங்குவர். வன்னியின் உழவர் கதிர் முற்றுங் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் காவற் பரணிலே கண்விழித்திருப்பர். வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் செல்வோர் இரவு முழுதும் விழித்து வழிபடுவர். இவையெல்லாம் விழிப்பே, எனினும் நோயல்ல. தொழில் கருதியும் பத்தி கருதியும் மனிதன் தானே மேற்கொள்ளும் விழிப்பு வேறு. துயில விரும்பியும் துயில் வாராத நிலை வேறு. இவ்வேறுபாட்டை உணர்தலே துயில் மருத்துவத்தின் முதற்படி.

நோயால் வந்த விழிப்பையும் வன்னி நன்கறியும். காடும் குளமும் சூழ்ந்த அந்நாட்டை மலேரியாக் காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. குளிரும் நடுக்கமும் வெப்பும் வியர்வையும் மாறிமாறி வரும் அந்நோயில் நோயாளிக்கும் துயிலில்லை. அருகிருந்து பார்ப்பார்க்கும் துயிலில்லை. இலங்கை முழுவதிலும் 1934-35ஆம் ஆண்டுகளிற் பரவிய பெருங்காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கொயினாவும், பின்னர் நுளம்பொழிப்பு முறைகளும், இடையறாத கண்காணிப்பும் அந்நோயை ஒடுக்கின. உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டார். 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அக்காய்ச்சலாற் கெட்ட துயிலை மீட்டது துயில் மருந்தன்று. காய்ச்சலின் ஒழிவே என்பது கருதத்தக்கது.

முன்னோர் கண்ட மருத்துவம்

துயிலாமையைப் பற்றிய பழைய மருத்துவக் கருத்துகளைச் சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து 21ஆம் அத்தியாயத்திற் காணலாம். மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் ஆராயும் அவ்வத்தியாயமே உறக்கத்தையும் ஆராய்கின்றது. உடலின் பருமைக்கும் துயிலின் கேட்டுக்கும் உள்ள தொடர்பைத் தற்கால விஞ்ஞானம் வேறு வழியால் நிறுவியுள்ளமை நோக்க, இவ்வைப்புமுறை வியக்கத்தக்கது. துயில் வாராதவனுக்கு எண்ணெய் பூசுதல், நீராட்டுதல், உடலைப் பிடித்துவிடுதல், பாலும் நெய்யும் கலந்த உணவு, இனிய ஒலி, நறுமணம், மனத்துக்கு உவப்பானவை, நல்ல படுக்கை, நல்ல இல்லம், உரிய காலம் என்பன அங்கே விதிக்கப்படுகின்றன. மருந்துக்கு முன்னர் வாழ்க்கை ஒழுங்கே வைக்கப்பட்டமை தெளிவு.

பகலுறக்கத்தை அந்நூல் பொதுவாக விலக்குகின்றது. ஆயினும் வேனிற்காலத்திலும், இரவு விழித்துக் களைத்தோர்க்கும், வழிநடந்து இளைத்தோர்க்கும், முதியோர்க்கும், சிறுவர்க்கும் அதனை அனுமதிக்கின்றது. விதியோடு விலக்கையும் கூறிய இச்செம்மை பாராட்டத்தக்கது. இரவெல்லாம் களப்பிலே நின்று வந்த மீனவன் பகலிலே துயின்றால் அவனைச் சோம்பேறி என்று பழித்தற்கு இந்நூல் இடந்தராது.

தமிழ்ச் சித்த மருத்துவமும் இந்நெறியையே தழுவியது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி பகற்றுயிலை விலக்கி நாளொழுக்கத்தை வகுக்கின்றது. வாதமும் பித்தமும் மிகுதலால் துயில் கெடும் என்றும், கபம் மிகுதலால் துயில் மிகும் என்றும் கொண்டு, அவற்றைச் சமன்செய்தலே சிகிச்சை என வைத்தியர் கருதினர். எண்ணெய் முழுக்கும், பாலிற் கலந்த சாதிக்காயும், கசகசாவும், அமுக்கராவும், தலையணைக்கீழ் வைக்கும் மருதோன்றிப் பூவும் வீடுதோறும் வழங்கிய கைமுறைகள்.

ஈழத்திலும் இம்மரபு தழைத்தது. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துத் தோன்றியனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பகுதி பகுதியாக அச்சேற்றினார். ஏட்டிலே மறைந்து கிடந்த அறிவு அதனாற் பொதுவுடைமையாயிற்று.

மேனாட்டு மருத்துவம் தமிழ் பேசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலேதான். 1847ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்து, பின்னர்க் கல்வியைத் தமிழ்மொழிக்கே மாற்றினார். 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. நோயாளி தன் நோயைத் தன் மொழியிலே சொல்லவும், வைத்தியன் அதனைத் தன் மொழியிலே விளங்கவும் வேண்டும் என்ற அவர் கொள்கை துயில்நோய்க்குப் பெரிதும் பொருந்தும். நோயாளியின் வாய்ச்சொல்லே இந்நோயை அறிதற்கு முதற்கருவி. குருதிச் சோதனையால் மட்டும் அறியப்படுவதன்று.

அபினி முதலாக வந்த மருந்துகள்

கீழ்நாடும் மேனாடும் ஒருங்கே அறிந்த பழைய துயில்மருந்து அபினி. அது வலியைத் தணித்துத் துயிலையும் தந்தது. தொடர்ந்து உண்டவரை அடிமையாக்கவும் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே செர்மானியராகிய செர்டியூர்னர் அபினியிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் கிரேக்கக் கனவுத் தெய்வத்தின் பெயரால் மோர்பீன் என்று பெயர் வழங்கிற்று. இலங்கையிலே நஞ்சுகள், அபினி, அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச்சட்டம் 1929ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது.

அதன் பின்னர் வந்த மருந்துகளின் வரலாறு ஒரே கதையை மீண்டும் மீண்டும் சொல்வதுபோல் அமைந்தது. புரோமைட்டு உப்புகள் 1857ஆம் ஆண்டளவில் வலிப்பு நோய்க்கு வழங்கப்பட்டு, விரைவில் துயில்மருந்தாகவும் பரவின; நெடுநாள் உண்டோர்க்கு மனமயக்கமும் தோற்புண்ணும் உண்டாயின. 1832ஆம் ஆண்டில் லீபிக் ஆக்கிய குளோரல் ஐதரேற்றை 1869ஆம் ஆண்டில் ஒஸ்கார் லீபிறைக் துயிலுக்குப் பயன்படுத்தினார். குருதியிலே அது குளோரபோமாக மாறித் துயில் தரும் என்று அவர் எண்ணினார். எண்ணம் பிழை, மருந்து வேலை செய்தது. காரணம் அறியாமலே பயன் கொண்ட இந்நிலை துயில் மருத்துவத்தில் நெடுங்காலம் நீடித்தது.

1903ஆம் ஆண்டில் எமில் பிசரும் யோசெப் பொன் மெரிங்கும் பார்பிற்றலை அறிமுகஞ் செய்தனர். 1912இல் பீனோபார்பிற்றல் வந்தது. பார்பிற்றூரேற்று எனப்படும் இவ்வினத்தில் துயில் தரும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் விற்கப்பட்ட அம்மருந்தை அளவு மீறி உண்டு மாண்டோர் பலர்.

அவ்வபாயத்துக்கு மாற்றுத் தேடியவர்கள் மேலும் இரு துன்பங்களைக் கண்டனர். மலேரியாவுக்கு மருந்து தேடிய ஆராய்ச்சியின் விளைவாக இந்தியாவிலே கக்கர், சாகீர் என்னும் இருவர் 1951ஆம் ஆண்டில் மெதாக்குவாலோனை ஆக்கினர். காய்ச்சலுக்கு உதவாத அது துயில் மாத்திரையாகி, பழக்கத்துக்கு அடிமையாக்காதது என்று புகழப்பட்டு, ஈற்றிலே போதைப்பொருளாகிப் பல நாடுகளில் தடைக்குள்ளாயிற்று. மேற்கு செர்மனியில் 1957ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த தலிடொமைட்டு மிகப் பாதுகாப்பானது என்று விளம்பரஞ் செய்யப்பட்டது. கருவுற்ற தாய்மார் அதனை உண்டமையால் 10,000 வரையிலான குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டுடன் பிறந்தன. 1961ஆம் ஆண்டு நவம்பரில் அது செர்மனியில் மீளப்பெறப்பட்டது. போதிய சான்றின்மையால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்க மறுத்த பிரான்சிசு கெல்சியின் உறுதி அந்நாட்டுக் குழந்தைகள் பலரைக் காத்தது.

பார்பிற்றூரேற்றை வெல்ல வந்தன பெஞ்சோடயசெப்பீன்கள். லியோ ஸ்டேர்ன்பாக் கண்ட குளோர்டயசெப்பொட்சைட்டு 1960ஆம் ஆண்டிலும் டயசெப்பம் 1963ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தனித்து உண்டால் உயிருக்கு ஆபத்துக் குறைவு என்பது மெய்யே. எனினும் சில கிழமைகளிலே பழக்கமாதலும், நிறுத்தும்போது துயில் முன்னையினும் கெடுதலும், முதியோர் தடுமாறி விழுதலும் பின்னர்த் தெளிவாயின. அடுத்து வந்த சொல்பிடெமின் அளவை மகளிர்க்குப் பாதியாகக் குறைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013இல் பணித்தது. துயிலில் எழுந்து நடத்தல், வாகனம் ஓட்டல் முதலிய செயல்களால் நேர்ந்த விபத்துகள் கருதி 2019இற் கடும் எச்சரிக்கையும் இட்டது.

ஆகவே மருந்துகள் பயனற்றன என்று முடிவுகொள்ளல் தகாது. மரணம், பெருநோய், அதிர்ச்சி ஆகியன நேர்ந்தபோது சில நாள்களுக்கு உண்ணும் மாத்திரை துன்பத்தைத் தணித்துதவும். சில நாளுக்கென்று கொடுத்தது பல்லாண்டு நீடித்தலே குற்றம். ஒவ்வொரு தலைமுறையும் தன் புதுமருந்தைத் தீங்கற்றது என்று கொண்டாடியது. அடுத்த தலைமுறை அதன் தீங்கைக் கணக்கிட்டது. நெடுங்காலம் உண்டோர் இவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்துதலும் ஆபத்தானது. வைத்தியர் மேற்பார்வையிற் படிப்படியாகக் குறைத்தலே முறை.

நோய் ஒன்றன்று

துயில் என்பது மூளையின் ஓய்வு மட்டுமே என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டில் மாறியது. மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்த முறையைக் கான்சு பேர்கர் 1929இல் வெளியிட்டார். 1953ஆம் ஆண்டில் சிக்காகோவிலே அசெரின்சுகியும் கிளைற்மனும், உறங்குவோரின் கண்கள் இடையிடையே விரைந்து அசைவதையும் அவ்வேளையிற் கனவு மிகுதலையும் அறிவித்தனர். இரவு முழுதும் துயில் ஒரே தன்மையதன்று. பல படிகள் மாறிமாறி வருவது என்பது தெளிந்தது. அதனோடு, 'நித்திரையில்லை' என்ற ஒரே முறையீட்டின் பின்னே வெவ்வேறு நோய்கள் இருத்தலும் புலனாயிற்று.

அவற்றுள் ஒன்று துயில் மூச்சுத்தடை. குறட்டை விட்டுத் துயில்வோனை ஊரார் ஆழ்ந்து உறங்குகிறான் என்பர். உண்மையிலோ அவன் தொண்டை அடைபட்டு, மூச்சு நின்று, திடுக்கிட்டு மீள்கின்றான். இஃது இரவிற் பலமுறை நிகழும். காலையில் தலைவலியும், பகலிற் சோர்வும், நாளடைவிற் குருதியமுக்கமும் அவனைத் தொடரும். 1981ஆம் ஆண்டில் சிட்னியிலே கொலின் சலிவன், மூக்கு வழியே காற்றை இடையறாத அமுக்கத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவியை அறிமுகஞ் செய்தார். அதற்கு முன்னர்க் கடுமையாக நோயுற்றோர்க்குக் கழுத்திலே துளையிடுதலே வழியாயிருந்தது. எடை குறைத்தல், பக்கமாகப் படுத்தல், மது நீக்கல், தாடையை முன்னிறுத்தும் பற்கருவி என்பனவும் உதவும். இந்நோயாளிக்குத் துயில் மாத்திரையோ மூச்சை மேலும் தளர்த்தித் தீங்கு செய்யலாம். காரணம் வினவாது மருந்தளித்தலின் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மற்றொன்று, இரவானதும் கால்களிலே ஊர்வது போன்ற வேதனை எழுந்து, அசைத்தாலன்றி ஆறாத அமைதியற்ற கால் நோய். 1672ஆம் ஆண்டிலே தோமசு வில்லிசு விவரித்த இதனை 1945இல் சுவீடன் நாட்டு எக்போம் விரிவாக வகுத்தார். 1953இல் நோட்லண்டர் இரும்புச் சத்தை ஏற்றிப் பயன் கண்டார். இன்றும் இந்நோயில் உடலின் இரும்பிருப்பை அறிதலே முதற்செயல். கருவுற்றோரிடத்தும் இரும்புக்குறை உடையோரிடத்தும் இந்நோய் மிகுதலால், தாய்மார் சுகநிலையோடு இது நெருங்கிய தொடர்புடையது.

பகலிலே அடக்கவொணாத துயில் வந்து விழுத்தும் துயில்மயக்க நோய்க்கு 1880ஆம் ஆண்டில் செலினோ பெயரிட்டார். மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்னும் பொருளின் இழப்பே அதன் முதன்மையான வகைக்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் விளங்கியது. அதுவரை சோம்பேறி என்று பழிக்கப்பட்ட மாணவர் எத்துணையரோ! இரவுத் தொழிலாற் குலையும் உடற்கடிகாரம் வேறொன்று. 1958இல் ஆரன் லேர்னர் பிரித்தெடுத்த மெலற்றோனின், உயிர்க்கடிகாரத்தின் மூலக்கூற்று நுட்பத்தைக் கண்டு 2017இல் நோபெல் பரிசு பெற்ற மூவரின் ஆய்வு என்பன அதனை விளக்கின. இரவு மீனவனுக்கு வேண்டியது இருண்ட அறையும், இடையூறற்ற பகற்றுயிலும், வீட்டார் அதனை மதித்தலுமே.

மருந்தில்லா மருத்துவம்

நாட்பட்ட துயிலாமைக்கு இன்று முதலிடம் பெறும் சிகிச்சை மாத்திரையன்று. 1972ஆம் ஆண்டில் றிச்சட் பூட்சின் ஒரு முறையை வகுத்தார். துயில் வந்தபோதே படுக்கைக்குச் செல்க. துயில் வாராதேல் எழுந்து வேறிடம் போய், வந்த பின்னர் மீள்க. படுக்கையிலிருந்து படித்தலும் கவலைப்படுதலும் ஒழிக. எப்போது துயின்றாலும் குறித்த நேரத்தில் எழுக. பகலிலே துயிலற்க என்பன அம்முறை. 1987இல் ஆதர் சிபீல்மன், படுக்கையிற் கழிக்கும் நேரத்தையே முதலிற் சுருக்கி, துயில் செறிந்த பின்னர்ப் படிப்படியாக நீட்டும் முறையைச் சேர்த்தார். துயிலாமை பற்றிய அச்சத்தை ஆராய்ந்து நீக்குதலும் உடன்சேர, அறிதல் நடத்தைச் சிகிச்சை உருவாயிற்று. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இலும் ஐரோப்பியத் துயில் ஆராய்ச்சிச் சங்கம் 2017இலும் இதனையே வளர்ந்தோர்க்கு முதற் சிகிச்சையாக விதந்துரைத்தன.

உரிய காலத்துத் துயிலல், பகற்றுயில் விலக்கல், மனத்தை அமைதிப்படுத்தல் என்பன தேரையர் மரபுக்கும் சரகர் மரபுக்கும் புதியனவல்ல. ஆயினும் முன்னோர் எல்லாம் அறிந்தார் என்று பெருமை பேசி அமைதலும் பொருந்தாது. அவர் அனுபவத்தாற் கூறியதை ஒப்பீட்டுச் சோதனையால் நிறுவி, யாருக்கு எவ்வளவு எத்தனை நாள் என்று வரையறுத்தது தற்கால ஆராய்ச்சி. மூச்சுத்தடையையும் ஒரெக்சினையும் ஏடுகள் அறியா. இரு மரபும் தத்தம் எல்லையை அறிந்து உதவுதலே அறிவுடைமை.

மாணவர்க்கும் இதிலே ஒரு படிப்பினையுண்டு. படித்த பின் துயின்றோர், விழித்திருந்தோரினும் குறைவாகவே மறந்தனர் என்பதை 1924ஆம் ஆண்டிலே யெங்கின்சும் டாலன்பாக்கும் சோதனையாற் காட்டினர். தேநீர் அருந்தித் தேர்வின் முன்னிரவைப் பகலாக்குவோர் தாம் தேடிய பொருளைத் தாமே சிந்துவோராவர்.

போரும் துயிலும்

1984ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கொக்கிளாய்ப் பகுதியின் இரவுகள் வேறாயின. அப்பகுதியின் வன்செயல்களில் சிங்கள மீனவரும் தமிழ்க் குடிமக்களும் உயிரிழந்தனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ்மக்கள் வீடும் வயலும் தொழிலும் விட்டு வெளியேறினர். ஒரு தலைமுறைக் காலம் அகதி வாழ்வு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009ஆம் ஆண்டின் இறுதிப்போர் வன்னி மக்கள் அனைவரையும் பதுங்குகுழிக்கும் முகாமுக்கும் துரத்தியது. போர் முடிந்த பின்னரே கொக்கிளாய் மக்கள் மீளக் குடியமரத் தொடங்கினர். திரும்பி வந்தோர்க்கும் காணியும் கரைவலைப் பாடும் பற்றிய வழக்குகள் காத்திருந்தன.

போர் ஓய்ந்ததும் துயில் மீளவில்லை. 2009ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, வளர்ந்தோரில் 7.0 வீதத்தினர்க்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோயும், 32.6 வீதத்தினர்க்குப் பதகளிப்பும், 22.2 வீதத்தினர்க்கு மனச்சோர்வும் இருந்தமையைக் கண்டது. இடம்பெயர்ந்திருந்தோரிடத்து அவை மிகுந்திருந்தன. இம்மூன்றும் துயிலைக் கெடுப்பன. மனவடுவுற்றவர் துயிலாமையை மட்டும் அனுபவிப்பதில்லை, துயிலுக்கே அஞ்சுவர். கண்ணை மூடினால் அக்காட்சி வரும்.

இதற்கும் மருத்துவம் உண்டு. கொடுங்கனவின் முடிவைப் பகலிலே தாமே மாற்றியமைத்து மனத்தில் ஒத்திகை பார்க்கும் முறை 2001ஆம் ஆண்டின் சோதனையொன்றிற் பயன் தந்தது. பிறசோசின் என்னும் மருந்து நம்பிக்கையூட்டிய போதும், 2018ஆம் ஆண்டிலே வெளியான பெருஞ்சோதனையில் வெற்று மாத்திரையினும் மேம்படவில்லை. ஈழத்திலே உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனவடுவைத் தனிமனிதன் நோயாக மட்டும் கொள்ளாது குடும்பமும் ஊரும் சேர்ந்துற்ற காயமாக நோக்கினார். சாந்தியாசனம், மூச்சுப்பயிற்சி, அவரவர் சமயத்துக்குரிய மந்திரத்தை அல்லது செபத்தை உருவேற்றல் என்பனவற்றை மனத்தளர்வுப் பயிற்சியாக அவர் கையாண்டார். பாட்டி சொல்லிக் கொடுத்த திருவைந்தெழுத்து, வைத்தியசாலையில் அந்நியமாகத் தோன்றாத சிகிச்சையாயிற்று.

எனினும் மருத்துவத்தின் எல்லையையும் கொக்கிளாய் காட்டுகின்றது. 2023ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அயலூராகிய கொக்குத்தொடுவாயிலே குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் ஐம்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அக்குழியின் அருகே நின்றனர். மகன் இருக்கிறான் என்று நம்பிப் படலையைத் திறந்து வைப்பதா, இறந்தான் என்று கொண்டு ஈமக்கடன் செய்வதா என்று அறியாத தாயின் விழிப்புக்கு மருத்துவ நூலிலே 'துயிலாமை' என்ற பெயர் உண்டு. மாத்திரை அவள் கண்ணை ஓரிரவு மூடலாம். அவள் வினாவுக்கு விடை தராது. அவ்விடையை அளிக்க வேண்டியது மருந்தகமன்று, நீதியும் ஆட்சியுமே.

மலேரியாக் காய்ச்சலாற் கெட்ட துயில், காய்ச்சலை ஒழித்ததனால் மீண்டது. தொண்டை அடைத்துக் கெட்ட துயில் காற்றுவழி திறந்ததனால் மீள்கின்றது. இரும்புக் குறையாற் கெட்டது இரும்பினாலும், தீய பழக்கத்தாற் கெட்டது ஒழுங்கினாலும் மீள்கின்றன. அச்சத்தாலும் இழப்பாலும் கெட்ட துயிலுக்கு மட்டும் வேறு நியாயம் இருத்தல் இயலாது. அங்கும் முதலை நாடுதலே முறை. அமைதியான இரவும், தன் காணியென்னும் உறுதியும், இழந்தோர் பற்றிய உண்மையும் அம்மக்களுக்கு உரிய மருந்துகள். வைத்தியன் தன் பங்கைச் செய்யும்போதே, ஏனையோர் செய்ய வேண்டிய பங்கு இதுவெனச் சுட்டுதலும் அவன் கடமையாகும். இதனைக் கற்கும் இளைஞருள் நாளைய வைத்தியரும் ஆசிரியரும் சட்டம் வல்லாரும் இருப்பர். ஒருவர் வந்து நித்திரையில்லை என்று கூறும்போது, அவர்கள் மருந்துச் சீட்டை எடுக்கு முன்னர், ஏன் என்று வினவுவாராக.